சபா செயலாளர்களுக்கு: நகரும் சட்ஜத்துக்கு ஒரு மேடை கொடுங்கள்

சென்னையில் மார்கழிக் கச்சேரி நடத்தும் சபாக்களின் செயலாளர்களுக்கும், பட்டியல் போடும் கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடமாக வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். போன சீசனுக்கு முன் ஒரு சபாவில், பருவநிலைக் கணக்குகளை வைத்து அமைத்த ஒரு மணி நேரக் கச்சேரி தரலாமா என்று கேட்டேன். "இது சயின்ஸ் ஆச்சே, காலையில லெக்டெம்ல வெச்சுக்கலாமே" என்றார்கள், அதாவது வாசித்துக் காட்டி விளக்கும் உரையாக. மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் கேட்டது கச்சேரி. உங்கள் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேற்கத்திய சங்கீதத்தில் இதைச் செய்துவிட்டார்கள். 2013-ல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்ட், நாசாவின் வெப்பநிலைக் கணக்கை எடுத்து, 1880 முதல் 2012 வரை வருடத்துக்கு ஒரு சுரம் என்று செல்லோவில் வாசித்தார். ரொம்பக் குளிர்ந்த வருடத்துக்கு அந்த வாத்தியத்தின் ஆகக் கீழ் சுரம், அப்புறம் சுமார் 0.03 டிகிரி ஏறினால் அரைச் சுரம் மேலே. முதலில் கேட்கும்போது கை பழகாத பிள்ளை சாதகம் செய்வது போலத்தான் இருந்தது. கடைசி இருபது, முப்பது சுரம் வரும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அவர் கை கீழ் ஸ்தாயிக்குத் திரும்பவே இல்லை. இன்னும் 1.8 டிகிரி ஏறினால் அதே கணக்கில் ஐந்து ஸ்தாயி மேலே போகவேண்டும், நம்மில் பலர் காதுக்கு எட்டாது. ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோட்டோ நாகாய், இரு துருவங்களிலும் நான்கு இடங்களின் 1982 முதல் 2022 வரையிலான பருவநிலை அளவீடுகளை வைத்து நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு அமைத்தார். எண்ணை அப்படியே ஒலியாக்கினால் போதாது, இசையாகவும் ஆக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

நம் சங்கீதத்துக்கு இது ஒத்துவருமா? வரும், அதுவும் வேறு யாராலும் முடியாத விதத்தில் வரும். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு, இன்று 420-க்கு மேல். அந்த வரைபடம் நேர்கோடாக ஏறுவதில்லை. வடகோளத்துச் செடிகொடிகள் கோடையில் வாயுவை இழுத்துக்கொள்ள இறங்கும், இலை உதிர்ந்ததும் ஏறும், ஒவ்வொரு வருடமும் ஓர் அசைவு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது கம்பிதம்! ஒரே சுரத்தை அசைத்தபடி, அந்தச் சுரமே நமக்குத் தெரியாமல் மேலே நகரும் கம்பிதம்.

வீட்டில் வாசித்துப் பார்த்தோம். நான் வருடத்துக்கு ஓர் அசைவாக வாசிக்க, என் மாணவி, ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். சுருதி ஒரு கட்டையில் ஆரம்பித்து இரண்டு கட்டைக்கு ஏற இருபது நிமிடம். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் குமிழைச் சட்டென்று பழைய இடத்துக்குத் திருப்பினாள். அம்மா கையில் கீரைக்கட்டோடு வந்து நின்று, "என்னடா, இவ்வளவு தூரமா போயிட்டீங்க?" என்றார்.

ஆதார சட்ஜம், அதாவது மற்ற சுரமெல்லாம் சார்ந்து நிற்கும் அந்த 'ச', அசையாது என்று நம்பி உட்கார்ந்திருக்கும் காதுக்குத்தான் அந்த அதிர்ச்சி. அந்தக் காது உங்கள் அரங்குகளில் இருக்கிறது.

தாளத்துக்கு ஹவாய் வரை போகவேண்டாம், நுங்கம்பாக்கம் மழைக்கணக்கே போதும். மாதத்துக்கு ஓர் ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது முப்பத்திரண்டு மாத்திரை கொண்ட ஒரு சுற்று; ஒரு செ.மீ. மழைக்கு மிருதங்கத்தில் ஒரு சொல், அதாவது ஒரு மாத்திரைக்கு ஒரு தட்டு. பெரும்பாலான மாதங்கள் முப்பத்திரண்டு மாத்திரைக்குள் அடங்கி, நிறைய இடம் காலியாகவே நிற்கும். 2015 நவம்பர் வருகிறது, சுமார் 105 செ.மீ. மூன்று ஆவர்த்தனம் வாசித்தும் ஒன்பது சொல் மிச்சம், அடுத்த சுற்று தொடங்கும் சமத்தைத் தாண்டி வழிகிறது. அந்த இடத்தை மிருதங்கத்தில் கேட்டபோது, அடுத்த மாதம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் வயலின் பெட்டியைப் பரணில் ஏற்றியது நினைவுக்கு வந்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

மழை வேண்டி எத்தனையோ முறை அமிர்தவர்ஷிணி ராகம் கேட்டிருக்கிறேன், வாசித்தும் இருக்கிறேன். பெய்த மழையின் கணக்கை யாரும் மேடையில் வாசித்துக் கேட்டதில்லை.

திரையில் வரைபடம் போடமாட்டோம், உரையும் கிடையாது. மிருதங்கம் ஒரே சுருதியில் கட்டியது; சுருதி நகர்வதால் முதல் பகுதியான கரியமில வாயுவுக்கு அது இருக்காது, இரண்டாம் பகுதியான மழைக்கு மட்டும். எனக்குச் சன்மானம் வேண்டாம், மிருதங்கக்காரருக்கும் மாணவிக்கும் கொடுத்தால் போதும். டிசம்பரில் எந்த நாளானாலும் சரி, பகல் பன்னிரண்டு மணி ஸ்லாட் என்றாலும் வருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள், பட்டியலில் கச்சேரி என்றே போடுங்கள்.