செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: புற்றுநோய் ஆதரவு சிகிச்சை ஆய்வு நிதி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு ஆய்வு நிதி ஒரே வேலைக்குப் போனது. புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்த உடனேயே, கீமோவோடு சேர்த்து ஆதரவு சிகிச்சையும் (வலி முதலான தொல்லைகளைக் குறைத்து, நோயாளிக்கும் வீட்டாருக்கும் துணைநிற்கும் சிகிச்சை) தொடங்கினால் நம் பகுதி நோயாளிகளுக்கு என்ன மாறுகிறது என்பதை அளப்பதே அந்த வேலை. வீல்சேரும் தண்ணீர் மெத்தையும் வாங்கித் தருவதை ஏன் நிறுத்தினோம் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அவற்றுக்கு நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள். ஆய்வு நர்ஸின் சம்பளத்துக்கு யாரும் கிடைப்பதில்லை.

பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே ஆதரவு சிகிச்சை பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை (பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. ஆனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 180 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதை வைத்து முன்கூட்டிய சிகிச்சை வீண் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை; வேறு ஊர்க் கணக்கை அப்படியே இங்கே எழுதிக்கொள்ளவும் கூடாது. வாய்ப்புற்றுக்காரரின் அன்றாடத் தொல்லை விழுங்க முடியாததும் புண்ணின் நாற்றமும்தான். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் அடங்கி, வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது. இந்த மாற்றம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பொதுவான கேள்வித்தாளில் பதிவாவதில்லை. ஆகவே நாற்றத்துக்கும் விழுங்குவதற்கும் தனிக் கேள்விகள் வேண்டும் என்பதை நிதி நிபந்தனையாகவே வைத்தோம்.

வலி, களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல் உள்ளிட்ட ஒன்பது தொல்லைகளுக்கு நோயாளி 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறார். எது 4ஐத் தாண்டினாலும் அன்றே கவனிக்க வேண்டும். கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின். வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுராத்திரியில் எழுப்பாமலிருக்கப் படுக்கும் முன் இரட்டை அளவு தருவதுண்டு. இடையில் வலி கிளம்பினால் ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. மலமிளக்கியை முதல் நாளே சேர்க்காவிட்டால் மலச்சிக்கல் வரும். மருந்துதான் காரணம் என்று வீட்டார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள். வலி திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருந்தின் கழிவு உடலில் தேங்கும் என்பதால் அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

மார்ஃபின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அதற்காகப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனாலும் ஆண்டுத் தேவையைக் குறைத்து மதிப்பிட்டால் நடுவில் இருப்பு தீர்ந்துவிடும். நிதி கேட்போர் அந்த மதிப்பீட்டின் நகலையும் இணைக்கச் சொல்லியிருக்கிறோம்.

களத்தில் பெரிய சிக்கல் ஒப்புதல் படிவம். ‘அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்’ என்று மகனோ மகளோ கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நோயாளியின் சொந்த ஒப்புதல் இல்லாமல் அவரை ஆய்வில் சேர்க்க முடியாது. சிகிச்சை மட்டும் தரலாம். முதல் சந்திப்பில் குடும்பத்தோடு பேசி, அடுத்ததில் நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பதுதான் வழி. இந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று பட்ஜெட்டில் எழுதாத விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினோம்.

அடுத்தது, விடுபடும் எண்கள். மன்னார்குடிப் பக்கக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வரத் தெம்பிருப்பவரே ஓபிக்கு வருவார், மோசமானவர் வரமாட்டார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் சிகிச்சை உண்மையைவிட நல்லதாகத் தெரியும். ஆகவே, ஆய்வில் சேர்ந்த 12ஆம் வாரக் கேள்வித்தாளைப் போனிலோ வீட்டுக்குப் போயோ நிரப்ப வேண்டும். பதில் நோயாளியுடையதா, பக்கத்திலிருக்கும் மருமகளுடையதா என்றும் குறிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.

பணம் தவணைகளாகவே தரப்படுகிறது. நெறிமுறைக் குழு அனுமதியும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணும் கைக்கு வந்த பிறகே முதல் தவணை. முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு பதிவு செய்வதாகச் சொல்பவர்களுக்கு நிதி கிடையாது.

நன்கொடையாளர்கள் கவனத்துக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி வரிவிலக்கு கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்தி, பான் எண்ணையும் தரவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆய்வு நர்ஸ் பணியை இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் தீர்மானம் அதன்பின் வாக்கெடுப்புக்கு வரும்.

செயலாளர்