கொழும்பு கார் சேல்காரருக்கு: டயர் அளவையும் எஞ்சின் வகையையும் எழுதித் தாருங்கள்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கார் சேல் நடத்தும் ஐயாமாருக்கும், அங்கே நின்று எங்களுக்குக் கதவு திறந்து காட்டும் தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது எங்கள் காரை மாற்றும் எண்ணத்தில் இருந்தோம், 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்துவிடும் வரைக்கும் அதே பழைய காரைத்தான் தட்டிக் கொட்டி ஓட்டினோம், இடையில் 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க அதற்குள்ளேயே படுத்தும் இருக்கிறோம். இப்போது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசோடு ஒரு சின்னப் புதுக் கார் பார்க்க இரண்டு சனிக்கிழமை உங்களிடம் வந்தோம். நாலு சேல் ஏறி இறங்கியதில் எங்கே போனாலும் இரண்டு சொல்தான் கேட்டது: அலோய் (டயரைத் தாங்கும் ரிம் இரும்பில் இல்லாமல் அலுமினியக் கலவையில் செய்தது), ஹைபிரிட் (எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்தது).

ஓர் இடத்தில் டயர் அளவு என்ன என்று கேட்டேன். அந்தத் தம்பி பாவம், குனிந்து டயரில் இருந்ததை வாசித்துச் சொன்னார். இதே மொடலில் இதைவிடச் சின்ன ரிம் வருகிறதா என்றதும், "ஏன் அக்கா, பெரிசுதானே வடிவு" என்றார். அவரில் பிழை இல்லை. அதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவேதான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் ஏன் சின்ன ரிம் கேட்கிறேன் என்பதற்குக் கதை இருக்கிறது. என் அக்கா குடும்பம் ஒரு சுசுகி வேகன் ஆர் வாங்கினார்கள், 15 அங்குல அலோயோடு. டயர் 165/55. அதே காரின் சாதாரண தரத்துக்கு வருவது 155/65, ரிம் 14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம்: அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் பக்கச்சுவரின் உயரம் என்று அது சொல்கிறது. கணக்குப் போட்டால் 14இல் பக்கச்சுவர் சுமார் 101 மில்லிமீற்றர், 15இல் 91. ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிற மெத்தையில் ஒரு சென்டிமீற்றர் போய்விடுகிறது. யாழ்ப்பாணம் போகும் வழியில் மதவாச்சியைத் தாண்டி இரவு பதினொரு மணிக்கு ஒரு பள்ளத்தில் அந்தக் கார் இறங்கி ஏறியது, கொஞ்ச தூரத்தில் முன் டயரின் பக்கம் முட்டை மாதிரி வீங்கி வெடித்தது. ஸ்பெயார் வீல் எடுக்கலாம் என்று பின்னால் திறந்தால் அங்கே ஸ்பெயார் வீலே இல்லை. காற்றடிக்கும் சின்னப் பம்பும், பஞ்சரை அடைக்கும் திரவம் ஒரு போத்தலும் மட்டும். ஆணி குத்தின ஓட்டைக்கு அது சரி, பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அந்த இருட்டில் விடியும் வரை காருக்குள் இருந்தார்கள். விடிந்து வவுனியாவில் தேடியும் அந்த அளவு டயர் கிடைக்கவில்லை, கொழும்பில் வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பினோம்.

வாங்குகிற அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், "இதில் ஸ்பெயார் வீல் இல்லை, தனியாக ஒன்று வாங்கிப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும்.

டொயோட்டா யாரிஸிலும் இதே கதைதான். தரத்துக்குத் தரம் 14, 15, 16 என்று வருகிறது. 175/70 டயர் 14இலும் 185/55 டயர் 16இலும் தரையில் இருந்து ஏறக்குறைய ஒரே உயரம்தான், 60, 61 சென்டிமீற்றர். ஆகவே பெரிய ரிம் போட்டால் கார் உயரும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள், உயர்வது ரிம் மட்டும்தான், ரப்பர் இரண்டு சென்டிமீற்றர் குறைகிறது. பெரிய ரிம்முக்கும் பயன் உண்டு, வளைவில் கார் உறுதியாக நிற்கும், பெரிய பிரேக்குக்கு இடம் இருக்கும், அதிவேகப் பாதையில் அது தெரியும். ஆனால் மழை பெய்து முடிந்த கொட்டாஞ்சேனைச் சந்துகளில், தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களில், எங்களுக்குத் தேவை ரப்பர். இரும்பு ரிம் என்றால் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். அது வளைந்தால் பெரும்பாலும் தட்டி நிமிர்த்தலாம், அலோய் வெடித்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதற்குச் சோடி தேடி அலைய வேண்டும்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன்.

ஹைபிரிட் என்பது ஒரு சாமான் இல்லை, குறைந்தது மூன்று. வேகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கும் சின்ன மோட்டர், காரை அது தனியாக இழுத்துக்கொண்டு போகாது. டொயோட்டாவின் அக்வா, யாரிஸ் ஹைபிரிட்டுகளில் மோட்டரும் தனியாகச் சக்கரத்தைச் சுற்றும், எஞ்சினும் சுற்றும். டொயோட்டா ரைஸ் ஹைபிரிட்டில் எஞ்சின் மின்சாரம் மட்டும்தான் செய்கிறது, சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் மோட்டர். மூன்றையும் ஒரே சொல்லில் விற்கிறீர்கள், வாங்குகிறவர் மூன்றும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு போகிறார். காலையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று போகும் காருக்குப் பின்னிரண்டு வகையும் நல்ல லாபம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பற்றரிக்குக் கொஞ்சம் திரும்பி வரும். அதே ரைஸ் ஹைபிரிட் நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் அந்த அளவு லாபம் கிடைக்காது, மின்சாரமாக மாற்றித் திரும்ப மோட்டருக்குக் கொடுப்பதில் கொஞ்சம் போய்விடும். அப்புறம், கட்டலொக்கில் உள்ள லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்பது ஜப்பானில் ஏசி போடாமல் சோதித்த எண். ஏசி இல்லாமல் காலி வீதியில் யார் ஓட்டுகிறார்கள்?

வரி இங்கே சிசியை, அதாவது எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துத்தான் ஏறுகிறது, ஆகவே 1000 சிசிக்குக் கீழே உள்ள எஞ்சின்களுக்கு எல்லோரும் ஓடுகிறோம், அது நியாயம். ஆனால் 996 சிசி டர்போவும் (டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்) டர்போ இல்லாத 998 சிசியும் ஒன்றல்ல. என் கணவரின் ஊர் ஹட்டன். நாலு பேரும் சாமானும் ஏசியுமாகக் கினிகத்தேனை ஏற்றத்தில் டர்போ இல்லாத சின்ன எஞ்சின் எவ்வளவு மூச்சு வாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நுவரெலியா அளவு உயரத்துக்குப் போனால், கிட்டத்தட்ட 1,900 மீற்றர், காற்று மெலிந்து டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடு செய்யும். அதற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெய் மாற்றுவதில் ஒரு நாளும் தவறக் கூடாது, தவறினால் டர்போ போய்விடும், அதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் மட்டம் என்று நினைத்து வருகிறவர்களிடமும் பேசுங்கள், யாரிஸ் ஹைபிரிட்டின் 1500 சிசி எஞ்சினும் மூன்று சிலிண்டர்தான்.

மின்சாரக் காரும் காட்டினீர்கள், நல்ல கார். ஆனால் எங்கள் தொடர்மாடியில் கீழே சார்ஜ் பொயின்ட் போட நிர்வாகக் குழு இன்னும் சம்மதிக்கவில்லை, அதனால் அதை விட்டுவிட்டோம்.

நான் உங்களிடம் கேட்பது ஒரு தாள். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வையுங்கள்: டயர் அளவு, அதே அளவு டயர் இன்றைக்கு ஒன்று என்ன விலை, ஸ்பெயார் வீல் உண்டா இல்லையா, எஞ்சின் டர்போவா இல்லையா, ஹைபிரிட் என்றால் எந்த வகை, எந்த எஞ்சின் எண்ணெய், 92 பெற்றோலா 95ஆ, எத்தனை பேருக்கான கார் என்பதும். கடைசியைச் சும்மா சேர்க்கவில்லை. ஜப்பானில் இருந்து வரும் 660 சிசி கார் நாலு பேருக்கென்றே செய்தது, எங்கள் வீட்டில் அஞ்சு பேர், இதை நான் மூன்றாவது சேலில்தான் அறிந்தேன். ஓட்டிப் பார்க்கத் தரும்போது உங்கள் வாசலில் இருந்து நல்ல வீதியில் ஒரு சுற்று மட்டும் போதாது. எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, பள்ளம் உள்ள ஒரு ஒழுங்கைக்குள் பத்து நிமிடம் விடுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் சீட்டுக் காசு கைக்கு வருகிறது. மறுபடியும் சனிக்கிழமைதான் வருவோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்தத் தாள் எந்த சேலில் ஒட்டியிருக்கிறதோ அங்கே முற்பணம் கட்டுவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாடிக்கையாளர்