அளவைச் சொல்லாத புட்டிகள்: கொழுப்பெரிப்பு மாத்திரைத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடற்கொழுப்பை எரிப்பதாகக் கூறி எடைக்குறைப்பு மாத்திரைகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் புட்டிகளில் "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட மூலப்பொருள்கள்" என்ற வரி பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகிறது. இம்மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. ஆய்வுகள் நடந்திருப்பது உண்மைதான்; அவற்றை யாரும் தேடிப் படிக்கவும் முடியும். ஆனால் ஒவ்வோர் ஆய்வும் ஒரு பொருளைக் குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட காலத்திற்கு, பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒன்று. நீங்களோ பொருளின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவையும் முடிவையும் ஆய்வறிக்கையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். அவ்விரண்டையும் புட்டியில் அச்சிடுங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

குடம்புளியிலிருந்து தொடங்குகிறேன். அதன் பழத்தோலில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் பாதையில் உள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது. சோதனைக் குழாயிலும் எலிகளிலும் இது காணப்பட்டிருக்கிறது. மனிதர்களிடம் இதைச் சரிபார்க்க 135 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட 12 வார ஆய்வு 1998ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. எல்லாருக்கும் கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு பரிந்துரைக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் அமிலமும், மறு பிரிவினருக்கு மருந்துப்போலியும் (மருந்தில்லாத வெற்று மாத்திரை) தரப்பட்டன. அமிலம் உட்கொண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தார்கள். வெற்று மாத்திரை உட்கொண்டவர்கள் 4.1 கிலோ இழந்தார்கள். புள்ளியியல் நோக்கில் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை. பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பாய்வு, மருந்துப்போலியைவிட 0.88 கிலோ கூடுதல் இழப்பு இருக்கலாம் என்று கணக்கிட்டது. அதுவும் குறுகிய காலத்து, தரத்தில் குறைந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கிடைத்த எண்.

இந்த ஆய்வை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் உட்கொள்ளவும்" என்ற சிறிய எழுத்து உங்கள் புட்டிகளில் இருக்கிறது. அந்த அறிவுரையைப் பின்பற்றுகிறவருக்கு எடை குறையத்தான் செய்யும். மேற்சொன்ன ஆய்வில் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் குறைந்தது. அதற்கான பெருமை எதைச் சாரும் என்பதை மருந்துப்போலிப் பிரிவு இல்லாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "நான் ஆறு கிலோ குறைந்தேன்" என்று உங்கள் விளம்பரங்களில் சொல்பவர் உண்மையே பேசலாம். ஆனால் அந்த ஆறு கிலோவில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

காஃபீன் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். உங்கள் பட்டியலில் உடலின் ஆற்றல் செலவை உண்மையாகவே உயர்த்துவது அதுதான். 1989இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு நாளில் 100 மில்லிகிராம் வீதம் ஆறு முறை கொடுத்தபோது, இயல்பான எடையுடையவர்களின் அன்றாட ஆற்றல் செலவு 150 கலோரி கூடியது. முன்பு பருமனாக இருந்து எடை குறைத்தவர்களிடமோ கூடியது 79 கலோரி மட்டுமே. மாத்திரையை வாங்கக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், இரண்டாவது எண்ணே அவருக்குப் பொருத்தமானது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருப்பதாகக் கொண்டால், 79 கலோரி வீதம் ஒரு கிலோவைக் கரைக்க மூன்று மாதத்திற்கும் மேலாகும். அதுவும் உடல் காஃபீனுக்குப் பழகிப்போகாமலும், பசி அந்த 79 கலோரியை ஈடுகட்டாமலும் இருந்தால்தான். அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட 600 மில்லிகிராம், நலமான பெரியவர்களுக்குக் கவலையில்லாத அளவு என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் குறித்த 400 மில்லிகிராமைத் தாண்டியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் கொழுப்பின் விகிதம் கூடுவதும், ஒரு மாதத்தின் முடிவில் உடலில் சேமிப்பாக உள்ள கொழுப்பு குறைவதும் வெவ்வேறு அளவீடுகள். ஆய்வகத்தில் மூச்சுக்காற்றை அளந்து முதலாவதைக் காட்டிவிடலாம். ஆனால் அன்றே மற்றொரு வேளையில் உடல் மாவுச்சத்தைக் கூடுதலாக எரித்து அதை நேர் செய்துகொள்ளக்கூடும். உட்கொண்ட ஆற்றலுக்கும் செலவழித்த ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே இரண்டாவதைத் தீர்மானிக்கிறது. முதலாவதை அளந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டி, இரண்டாவதை நடக்கும் என்று நீங்கள் வாக்களிக்கிறீர்கள்.

பச்சைத் தேயிலைச் சாறு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதிலுள்ள கேட்டெச்சின்கள், உடலைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அதன் விளைவை நீட்டிக்கின்றன என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது கண்ட சராசரி எடை வேறுபாடு 0.04 கிலோ, அதாவது 40 கிராம். ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாலே அதைவிடக் கூடுதலாக எடை மாறும். பலன் இப்படியிருக்க, தீங்கின் பக்கம் அவ்வளவு சிறியதாக இல்லை. துணையுணவுகளின் வழியே நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டெச்சினை உட்கொண்டவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் பதிவு செய்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பிட்டதோடு, வெறும் வயிற்றில் உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையையும் கட்டாயமாக்கியது. வெறும் வயிற்றில் அப்பொருள் இரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேர்வது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் உட்கொண்டால் விரைவான பலன் என்று இன்றும் அச்சிடும் நிறுவனங்கள் உங்களிடையே இருந்தால், அவ்வரியை இந்த வாரமே நீக்குங்கள்.

எல்-கார்னிடைன் நீண்ட கொழுப்பு அமிலங்களை, உயிரணுவில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்கிறது என்பது பாடநூல் உண்மை. ஆனால் உடலே கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதை உருவாக்கிக்கொள்கிறது. மாத்திரையாக விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டதும் தசைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஓர் ஆய்வில் தசையின் கார்னிடைனை 21 விழுக்காடு உயர்த்த முடிந்தது. அதற்கு 24 வாரங்களும், நாளுக்கு இருமுறை கார்னிடைனோடு 80 கிராம் மாவுச்சத்தும் தேவைப்பட்டன. எடை குறைப்பதற்காக நாளொன்றுக்கு 640 கலோரி கூடுதலாகக் குடிக்கச் சொல்லும் அறிவுரையை எந்தப் புட்டியிலும் நான் பார்த்ததில்லை. ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வில் கார்னிடைனால் கிடைத்த கூடுதல் இழப்பு சராசரியாக 1.33 கிலோ.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவகைக் கொழுப்பு அமிலமான இணைந்த லினோலெயிக் அமிலத்தால் கிடைத்த கூடுதல் இழப்பு 0.7 கிலோ. குரோமியம் பிக்கோலினேட்டால் ஏறத்தாழ 1.1 கிலோ, இதை ஆராய்ந்த காக்ரேன் குழு, நம்பி முடிவெடுக்கத்தக்க சான்று இல்லை என்றே எழுதியது. ராஸ்பெரி கீட்டோன் பெரிதும் சுண்டெலி ஆய்வுகளை நம்பி நிற்கிறது. அவற்றில் உணவின் 2 விழுக்காடு வரை அதைக் கலந்து கொடுத்தார்கள். பச்சைக் காப்பிக்கொட்டைச் சாற்றைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற 2012ஆம் ஆண்டின் ஆய்வில் பங்கேற்றவர்கள் 16 பேர். தரவுகளின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த இயலாமல் 2014இல் அது திரும்பப் பெறப்பட்டது, அதற்கு நிதியளித்த நிறுவனம் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 35 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அந்த ஆய்வின் எண்கள் விளம்பரங்களிலிருந்து மறைய அதன்பிறகும் நெடுங்காலம் ஆயிற்று.

இந்த எண்கள் எல்லாம் சிறியவை என்பது என் முதன்மைக் குறை அன்று. இந்தச் சிறிய பலனாவது கிடைக்க வேண்டுமானால் ஆய்வில் கொடுத்த அளவு மாத்திரையில் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பொருள்களை "புரொப்ரைட்டரி பிளெண்ட்" (நிறுவனத்தின் தனிக்கலவை) என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைத்து, மொத்த எடையை மட்டும் எழுதும்போது, ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. வணிக இரகசியம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. போட்டி நிறுவனங்களிடம் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, வாங்குபவரிடம்தான் இல்லை. யோஹிம்பின் என்ற தூண்டுபொருள் அடங்கிய 49 வணிகப் பெயர்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அளவைக் குறிப்பிட்டவை 11 மட்டுமே. அவற்றிலும் உண்மையில் இருந்தது, எழுதியதில் 23 விழுக்காட்டிலிருந்து 147 விழுக்காடு வரை மாறுபட்டது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும் ஒரு பொருளில் இப்படிப்பட்ட கவனக்குறைவுக்கு எந்த விளக்கமும் போதாது.

உங்கள் துறையில் பலன் ஓரளவு தெளிவாகத் தெரிந்த பொருள்கள் என்ன ஆயின என்பதையும் நினைவுபடுத்துகிறேன். எஃபெட்ரா என்ற மூலிகை குறுகிய கால ஆய்வுகளில் மருந்துப்போலியைவிட மாதம் 0.9 கிலோ அளவுக்குக் கூடுதலாகக் குறைத்தது. படபடப்பு, மனநலக் கோளாறு ஆகியவற்றின் வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தவும் செய்தது. 2004இல் அமெரிக்கா அதைத் துணையுணவுகளில் தடை செய்தது. அதன் இடத்தில் வேதிக் கட்டமைப்பில் அதை ஒத்த சினெஃப்ரினைக் கொண்டுவந்தீர்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து, "முழுக்க இயற்கை" என எழுதப்பட்ட மாத்திரைகளில் இரகசியமாகக் கலக்கப்பட்டு இன்னும் பிடிபடுகிறது. 2007க்கும் 2016க்கும் இடையே அறிவிக்கப்படாத மருந்து கலந்திருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்த 776 துணையுணவுகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு எடைக்குறைப்புக்கானவை. நேர்மையாகத் தொழில் செய்பவர்களையும் இந்த எண் சந்தேகத்திற்கு உள்ளாக்குகிறது.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு பொருளின் அளவையும் மில்லிகிராமில் தனித்தனியே அச்சிடுங்கள். எல்லா மூலப்பொருள்களிலிருந்தும் சேரும் மொத்தக் காஃபீனையும் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் சுதந்திரமான ஆய்வகம் ஒன்றில் சோதித்து, முடிவைப் பொதுவில் வையுங்கள். மூலப்பொருளின் ஆய்வை உங்கள் கலவையின் ஆய்வாகக் காட்டாமல், விற்கும் மாத்திரையையே மருந்துப்போலியோடு ஒப்பிட்டுச் சோதியுங்கள்; ஆய்வு தொடங்கும் முன்னரே அதைப் பதிவு செய்து, கிடைக்கும் வேறுபாட்டை, அது 40 கிராமாக இருந்தாலும், கிலோ கணக்கில் புட்டியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். அப்படிப்பட்ட ஆய்வு உங்களிடம் இல்லாத வரையில் "நிரூபிக்கப்பட்ட" என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். இவற்றுள் முதலாவதற்குப் புதிய ஆய்வோ முதலீடோ தேவையில்லை. அந்த அளவுகள் உங்கள் உற்பத்திப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்