இணையத்தில் விற்ற சேலைக்குப் பதிலாக வேறு பொருள் திரும்பி வருவது தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
விசைத்தறிச் சேலை நெய்து இணையத்தில் விற்கும் 14 குடும்பங்களின் சார்பாக,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: இணைய விற்பனை – பொய்யான ரிட்டர்ன், ரீஃபண்ட் கோரிக்கைகள் – திரும்பி வரும் பார்சலை ஓடிபி கொடுப்பதற்கு முன் பிரித்துப் பார்க்க வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த 14 குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு தறி ஓடுகிறது. என் கணவர் தறியைப் பார்த்துக்கொள்கிறார். படம் எடுப்பது, ஆர்டர் பார்ப்பது, பேக்கிங் எல்லாம் நான். ஜவுளிக் கடைகளுக்குப் போட்டால் பணம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இணையச் சந்தைத் தளங்களுக்கு வந்தோம். ஜிஎஸ்டி பதிவு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இரண்டும் இருக்கின்றன. விற்பனையும் குறை சொல்லும்படி இல்லை. ரிட்டர்ன்தான் எங்களைச் சாய்க்கிறது.

போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு, 1,480 ரூபாய் சாஃப்ட் சில்க் சேலை ஒன்றை வெளிமாவட்டத்துக்கு அனுப்பினேன். முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள், "நிறம் படத்தில் இருப்பது போல இல்லை" என்ற காரணத்தோடு ரிட்டர்ன் போட்டிருந்தார்கள். திரும்பி வந்த சேலையில் ஃபால்ஸ் தைத்திருந்தது. தோள்பட்டை வரும் இடத்தில் சேஃப்டி பின் குத்திய துளை. மடிப்பை உதறினால் காய்ந்த மல்லிகை மொட்டு இரண்டு விழுந்தது. நிறம் பிடிக்காதவர் எதற்கு ஃபால்ஸ் தைத்தார் என்று தளத்திடம் கேட்டேன். பதில் சொல்லாமல் எங்கள் புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

அதுவாவது பரவாயில்லை, வந்தது எங்கள் சேலைதான். அடுத்த மாதம் வந்த கவருக்குள் எங்கள் சேலையே இல்லை. சாயம் போன பழைய நூல் சேலை ஒன்று, கரை கிழிந்தது, பாச்சா உருண்டை வாடையோடு இருந்தது. கவரில் எங்கள் லேபிள், எங்கள் பார்கோடு. வாடிக்கையாளருக்கு அதற்குள் பணம் போய்விட்டது. தளம் எங்களுக்குத் தர வேண்டிய செட்டில்மென்ட் தொகையில் கழித்தும் விட்டார்கள். எங்களில் வேறு சிலருக்கு வெறும் கவரே வந்திருக்கிறது. ஒருவருக்கு, வாங்கியவரிடமிருந்து "பார்சலில் ஒன்றுமே இல்லை" என்ற புகார் வந்தது. அவரிடம் பேக்கிங் வீடியோ இருந்தும் பயனில்லை.

வாங்குபவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சேலையிலும் இழை அறுந்திருக்கும், சாயம் ஓடும். குறையுள்ள பொருளையும், காட்டியதற்கு மாறான பொருளையும் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்வது சரிதான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்பும் விற்பனையாளர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களால் எங்களுக்கும் கெட்ட பெயர். அதோடு, அந்தப் பழைய நூல் சேலையை வைத்தது வாங்கியவரா, வழியில் கைமாறிய இடத்தில் யாராவதா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் மனுவே அதைப் பற்றித்தான்.

ரிட்டர்ன் வரும் விதத்தைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். கொரியர் தம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மூட்டையோடு வருவார். "அக்கா, ஓடிபி சொல்லுங்க, இன்னும் பதினஞ்சு வீடு இருக்கு" என்பார். பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால், "ஓடிபி போடாம பிரிக்க விடமாட்டாங்கக்கா" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் முறை அது. ஓடிபி சொன்ன அந்த நொடியில், பொருள் சரியாக வந்து சேர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அப்புறம்தான் பிரிக்கிறோம். ஒரு கையில் கத்தரி, மறு கையில் செல்போன், வீடியோ நடுவில் அறுபடக் கூடாது, லேபிள் தெரிய வேண்டும், ஆறு பக்கமும் காட்ட வேண்டும். இவ்வளவு செய்து, நஷ்டத்தைத் தரக் கேட்டு தளத்தில் க்ளெய்ம் போட்டாலும் "ஆதாரம் போதாது" என்று ஒரு வரி பதில் வருகிறது. யார் பார்த்தார்கள், எது போதவில்லை என்று சொல்வதில்லை.

1,480 ரூபாய் சேலையில் எங்களுக்கு நிற்பது 140 ரூபாய் அளவுதான். நூல், சாயம், கூலி சேர்ந்து 1,060. மீதி வரி, கமிஷன், கொரியர், கவர். ஒரு சேலை இப்படி மாறி வந்தால் சேலையும் போய், ரிட்டர்ன் கொரியர் செலவும் எங்கள் தலையில் விழுந்து, ஏறக்குறைய 1,200 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அதை ஈடுகட்ட இன்னும் எட்டொன்பது சேலை விற்க வேண்டும். இதில் ஜிஎஸ்டி வேறு. தொலைந்த, திருடுபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு (நூல், சாயம் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு இருக்கிறது, எடுத்த வரவைத் திருப்ப வேண்டியிருக்கும் என்கிறார் எங்கள் ஆடிட்டர். ஏமாந்ததற்கும் வரி கட்டுகிறோம்.

சரி, எங்கே போய் முறையிடுவது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 எங்களுக்கான எண் இல்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலுவைப் பணத்துக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் மனு போடலாம் என்றார்கள். அதில் "வாங்குபவர்" என்ற இடத்தில் யாரை எழுதுவது? இணையச் சந்தைத் தளம் எங்களிடம் எதையும் வாங்கவில்லை. வாங்கியவரின் முழு விவரம் எங்களிடம் இல்லை. காவல் நிலையத்தில் ஒருமுறை, "ஒரு சேலைக்கா வந்தீங்க? அது வெளிமாவட்டம், அங்கே போய்க் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதே மின்வணிக விதிகள், பதிப்புரிமை, வணிகக்குறி போன்ற சட்டங்களின்கீழ் நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்ப விற்கும் விற்பனையாளர்களின் விவரத்தைத் தளங்கள் பதிந்து வைக்க முயல வேண்டும் என்கின்றன. நல்ல விதி. பொய்க் காரணம் சொல்லித் திரும்பத் திரும்ப ரிட்டர்ன் போடுபவர்களுக்கு அப்படி ஒரு பதிவு வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவுக்குத் தாங்களே தலைவர் என்பதால்தான் இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவந்தோம். அந்தக் குழு ஆலோசனை சொல்லும் அமைப்புதான் என்பது தெரியும். ஆனால் ஆட்சியர் கூப்பிட்டால் வருவார்கள்.

எங்கள் முதன்மையான கோரிக்கை ஒன்றே. திரும்பி வரும் பார்சலை, ஓடிபி கொடுப்பதற்கு முன், கொண்டு வந்தவர் முன்னிலையில் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது எங்கள் பொருள் இல்லை என்றால், அதைப் படம் எடுத்து, "மாற்றுப் பொருள்" என்று அவருடைய செயலியிலேயே அந்த இடத்திலேயே பதிய வேண்டும். ஒரு பார்சலுக்கு இரண்டு நிமிடம் போதும். விலை உயர்ந்த செல்போன்களை வாங்குபவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டிக் கொடுக்கும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. சேலைக்கு மட்டும் ஏன் முடியாது? வாங்கியவர் வீட்டில் ரிட்டர்ன் எடுக்கும்போதும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எடை போட்டு எடுக்கச் சொன்னால், யாரிடத்தில் மாறியது என்பதும் தானாகவே தெரிந்துவிடும். நேர்மையாகத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளருக்கும் அதுதான் பாதுகாப்பு. எங்கோ ஒரு குடோனில் மாறியதற்கு அவர்மேல் சந்தேகம் விழாது.

இதற்காக இணையச் சந்தைத் தளங்களின் பிரதிநிதிகள், நம் மாவட்டத்தில் ரிட்டர்ன் கொண்டுவரும் கொரியர் நிறுவனங்களின் கிளைப் பொறுப்பாளர்கள், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் ஆகியோரை ஒரே நாளில் அழைத்து, எங்களில் இரண்டு மூன்று பேரையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு வேண்டுகிறோம். இளம்பிள்ளையில் மட்டும் மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்க்கச் சொன்னாலும் போதும். அந்தக் கணக்கை வைத்து, நிராகரிக்கும் க்ளெய்முக்குக் காரணம் எழுத வேண்டும், அதன்மேல் மேல்முறையீடு வேண்டும் என்று மின்வணிக விதிகளில் சேர்க்க, மாநில அரசு வழியாக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறைக்குத் தங்கள் குழு பரிந்துரை அனுப்ப வேண்டும். காவல் நிலையங்களில் இத்தகைய புகார்களைத் தொகை சிறிது என்று திருப்பி அனுப்பாமல், மனு ஏற்பு ரசீதாவது வழங்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் எழுதக் கேட்டுக்கொள்கிறோம்.

தீபாவளி ஆர்டர்களுக்கு இப்போதே பாவு ஏற்றிவிட்டோம். ரிட்டர்ன்கள் ஐப்பசிக் கடைசியில் வரத் தொடங்கும். அதற்கு முன் அந்தக் கூட்டம் நடக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(14 குடும்பத்தினரின் கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: பேக்கிங் வீடியோ, ரிட்டர்ன் பிரித்த வீடியோ அடங்கிய பென் டிரைவ், தளத்திலிருந்து வந்த பதில்களின் நகல். கரை கிழிந்த அந்த நூல் சேலையும் கவரோடு கையில் இருக்கிறது.