பாடுகிறவரிடம் பணம் கேட்காதீர்கள்: சென்னை இசை சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபா செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் திருச்சியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். மார்கழி சீசனில் பகல் கச்சேரிகள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சரளி வரிசை என்ற முதல் பாடத்திலிருந்து என்னிடம் கற்ற பெண் ஒருத்தி இன்று பல்லவியை மூன்று வேகங்களில் திரிகாலம் செய்து பாடுகிறாள். அப்பா கல்யாணச் சமையல்காரர். போன சீசனில் ஒரு சபா அவளுக்குப் பகல் 12 மணிக் கச்சேரி கொடுத்தது. வீடே சந்தோஷப்பட்டது. அப்புறம் போன் வந்தது. ஸ்பான்சர் இருக்கிறாரா, இல்லையென்றால் நீங்களே 20,000 ரூபாய் நன்கொடை கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். ரசீது வரவில்லை.

அன்று முந்தைய நிகழ்ச்சியின் பாராட்டுரைகள் நீண்டு, இவள் மேடை ஏறவே அரை மணி தாமதம். காம்போதி ராகத்தை விரித்துக்கொண்டிருந்தபோது திரை ஓரத்தில் நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரே வரியைப் பலவிதமாகப் பாடி விரிக்கும் நிரவலை விட்டுவிட்டு ஸ்வரத்துக்குத் தாவினாள். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தையும் சுருக்கச் சொன்னார்கள். மங்களம் முடிந்ததும் ஒரு பொன்னாடை, அவ்வளவுதான். வயலின், மிருதங்கம் வாசித்தவர்களுக்குச் சபா ஒன்றும் தரவில்லை. ஒப்பனை அறையில் அவளே இரண்டு கவர்களை வெற்றிலை பாக்கோடு நீட்டி, "மன்னிச்சுக்கோங்கண்ணா, இவ்வளவுதான் முடிஞ்சது" என்றாள். நன்றாகப் பாடிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை ஒரு பாடகிக்கு ஏன் வர வேண்டும்?

தயவுசெய்து பாடுகிறவரிடம் பணம் கேட்காதீர்கள்.

அரண்மனைகளும் ஜமீன்களும் ஆதரித்த காலம் மங்கியபோது, அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றவை சபாக்கள். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு வருடமே மியூசிக் அகாதெமி பிறந்தது. பெண் பல்லவி பாடுவதா என்று முகம் சுளித்த காலத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிக்காட்டினார். மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1968-இல் அந்த அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அந்தத் தலைமுறை மேலே வர மேடை கொடுத்த ஊர் உங்கள் சென்னை. இன்று கலைஞர் சபாவை ஆதரிக்க வேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களிலும் அருமையாகப் பாடுகிறவர்கள் உண்டு. ஆனால் பணம் கட்ட முடியாத பிள்ளையின் குரல் உங்கள் காதுக்கு வரவே வராதே! பத்திரிகைகளில் சபா கேன்டீன் அடைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், பகல் கச்சேரிக்கு ஒரு வரி கிடையாது. கேட்க ஆளில்லாத நேரத்துக்கு விலை வைப்பது எந்த நியாயம்?

சரி, கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. பணிவாகவே கேட்கிறேன். பைசா வாங்காமல் மேடை தருகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள், உங்களுக்கு என் நமஸ்காரம். நீங்கள் அதை விண்ணப்பத்திலேயே அச்சடித்துவிட்டால் மற்றவர்களும் யோசிப்பார்கள். பெயரை மறைத்து ஒலிப்பதிவை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பாடகருக்குச் சன்மானம் தர முடியாவிட்டாலும் பக்கவாத்தியக்காரர்களுக்காவது நீங்கள் கொடுங்கள். பாடுகிறவரிடம் மட்டும் பணம் கேட்காதீர்கள்.

வரும் சீசனுக்கும் அந்தப் பெண் விண்ணப்பிக்கிறாள். இந்த முறை ஒலிப்பதிவு மட்டும்தான் அனுப்புவாள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர், திருச்சி