கைக்கடிகாரம் அளப்பதும் ஊகிப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் முழுப் பக்க விளம்பரங்களை ஸ்மார்ட்வாட்ச்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நாடித்துடிப்பு, ஆக்சிஜன், பிபி, தூக்கம், சிலவற்றில் சுகர்கூட என்று வரிசையாகச் சின்னங்கள் போட்டிருக்கிறார்கள். இது அன்றாடம் உதவுமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தச் சின்னங்களில் எது நிஜமாக அளக்கப்படுகிறது, எது ஊகிக்கப்படுகிறது, எது வெறும் அலங்காரம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். பக்கத்திலேயே ஓர் ஒளியுணரி இருக்கும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் ரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போது நல்ல வாட்ச் இதில் அதிகம் பிசகாது. 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு, நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரிக் கணக்கில் அதே கருவிகள் கவிழ்ந்தன. இருப்பதிலேயே சரியானது 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். ஆகவே வாட்ச் 400 கலோரி எரிந்ததாகச் சொல்கிறதே என்று இன்னொரு பரோட்டா கேட்பது நியாயமில்லை.

அளவு பிசகுவதற்குப் பெரும்பாலும் ஸ்ட்ராப்தான் காரணம். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டினால் இடைவெளி வழியாக வெளிச்சம் நுழைந்துவிடும். எலும்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே, முழங்கைப் பக்கமாக, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். தோலில் தடம் பதியும் அளவுக்கு வேண்டாம். ஓடும்போது வேறொரு கோளாறு வரும். கை ஆடும் வேகத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிறவருக்கும் 160, 165 என்று காட்டும். ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கி, சில நொடி நின்று பார்த்தால் சட்டென்று இறங்கிவிடும்.

ஸ்டெப் எண்ணுவதும் கையசைவை வைத்துத்தான். காய்கறிப் பை தூக்கி நடந்தால் குறையும், குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினால் ஏறும். பத்தாயிரம் என்ற இலக்கைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. 1965-ல் ஜப்பானில் யமாசா நிறுவனம் நடைமானி விற்கக் கையாண்ட எண் அது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 4,400 ஸ்டெப் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நேற்றைவிட இன்று கூடியதா என்று பார்ப்பதற்கு வாட்ச் போதும்.

ஆக்சிஜன் அளவு கொஞ்சம் சிக்கலானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபக்கம் வருகிறது. மணிக்கட்டில் திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், சமிக்ஞை பலவீனமாக இருக்கும். திடீரென்று 88 என்று காட்டினால் பதற வேண்டாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மேஜைமேல் வைத்து, அரை நிமிடம் அசையாமல் மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் குறைந்தால் விரல் ஆக்சிமீட்டரில் பார்ப்பதே முறை. மூச்சுத் திணறல் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே பிபி சின்னம்தான். ரத்த அழுத்தத்தை அளக்க, காற்றுப் பட்டையால் கையை அழுத்தி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மெல்லத் தளர்த்த வேண்டும். சாதாரண வாட்ச்சில் பட்டை கிடையாது. துடிப்பலையின் வடிவத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். சாம்சங் தன் வாட்ச்சில் இந்த வசதியைக் கொடுத்தபோதே, பட்டை உள்ள கருவியோடு ஒப்பிட்டு அளவு திருத்த வேண்டும், 28 நாளுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஹுவாவேயின் வாட்ச் டி ஸ்ட்ராப்புக்குள்ளேயே காற்றுப் பட்டையை வைத்து அளக்கிறது. விலை மலிந்த வாட்ச்களில் இந்த இரண்டும் இல்லை. வயது, உயரம், எடையைக் கேட்டுக்கொண்டு, யார் கட்டினாலும் 118/76, 121/79 என்று ஆரோக்கியமான எண்களைச் சுற்றியே வந்துகொண்டிருக்கும் வாட்ச்கள் கடைகளில் நிறைய உண்டு.

சந்தேகமிருந்தால் கடையிலேயே சோதிக்கலாம். ஒருமுறை பிபி எடுத்துவிட்டு, இரண்டு மாடி வேகமாக ஏறி, உடனே மறுபடி எடுங்கள். உண்மையான கருவியில் மேல் அளவு ஏறியிருக்கும். வாட்ச் பழைய எண்ணையே சொன்னால் விஷயம் புரிந்துவிடும். (இருதய நோயாளிகள் இந்தச் சோதனையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.) அல்லது ஒரு துண்டை உருட்டி அதில் வாட்ச்சைக் கட்டி பிபி பட்டனை அழுத்துங்கள். நாடித்துடிப்பை நல்ல வாட்ச்கூட எதிலாவது தேடிப் பிடித்துச் சற்று நேரம் காட்டக்கூடும். துண்டுக்குப் பிபி சொல்லும் வாட்ச்சைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எண் பொய்யானால் என்ன நஷ்டம் என்று கேட்கக்கூடாது. கையில் 118 பார்க்கிறவர் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுகிறார். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். சொந்தமாக வேண்டுமென்றால், மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, சட்டைக் கையை விலக்கிப் பட்டையைக் கட்டி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அந்தத் தாள் உதவும்.

சுகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. சிலர் வாட்ச்சில் சுகர் அளவு பார்ப்பது உண்மைதான். மேல்கையில் ஒட்டிய சென்சாரின் மெல்லிய இழை தோலுக்குள் இருந்து அளப்பதை, வாட்ச் வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

இசிஜி உள்ள வாட்ச்கள் இந்தக் கூட்டத்தில் சேராது. ஆப்பிள் 2018-ல் கொண்டுவந்த முறையில், ஒரு கையில் வாட்ச், மறுகை விரல் பட்டன்மேல், 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க இது உதவும். பச்சை விளக்கை மட்டும் வைத்து ஒழுங்கின்மையைத் தேடிய ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரில் 0.52 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களில் இசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினரிடம் கோளாறு பதிவானது. எச்சரிக்கை வந்தால் இருதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவமனை இசிஜி 12 கோணங்களில் பார்க்கிறது, வாட்ச் ஒன்றில்தான். மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்சில் பட்டன் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளியூரிலிருக்க, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது, கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி. ஆப்பிள் வாட்ச்சில் பலமாக விழுந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணை அழைத்து, குடும்பத்தாருக்கும் இடத்தைச் சொல்லும். வயதை 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் தானாக இயங்கும், குறைவென்றால் நாமே இயக்க வேண்டும். போன் அருகில் இருக்க வேண்டும், இல்லையேல் சிம் வசதியுள்ள மாடலாக இருக்க வேண்டும். அவசரத் தொடர்பில் மகன் அல்லது மகளோடு பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் சேர்த்து வையுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, குளிக்கப் போகும்போது வாட்ச்சைக் கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள். வழுக்கி விழுவது குளியலறையில்தான். டிவி பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, குளிக்கும்போது கட்டியிருப்பதே சரி. சோப்பும் வெந்நீரும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும் என்பதால் பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும்.

மற்றபடி அன்றாடத்தில் அதிகம் பயன்படுபவை விளம்பரத்தில் வராத சின்னச் சின்ன விஷயங்கள்: மாத்திரை நேரத்துக்கு மணிக்கட்டில் ஓர் அதிர்வு, குழந்தையை எழுப்பாத அலாரம், அடுப்புக்கு டைமர், எங்கோ வைத்த போனை ஒலிக்க வைப்பது. இவற்றுக்கு மலிவான வாட்ச்சே போதும். வாங்குமுன் கடையில் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பாருங்கள். பல மலிவு மாடல்களில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து கிடக்கும்.

இரண்டு நாளில் செய்தி வருவது நின்றுபோனால் பெரும்பாலும் வாட்ச்மேல் பழியில்லை. பேட்டரி மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு போன், வாட்ச்சை இணைக்கும் ஆப்பை நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றி, ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் இயக்கி, நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். போனில் எடுத்த அழைப்பின் குரல் பேருந்து முழுக்கக் கேட்கும்படி வாட்ச்சிலிருந்து வந்தால், போனின் புளூடூத் பட்டியலில் வாட்ச்சின் பெயரைத் தொட்டு, அழைப்பு ஒலியை மட்டும் நிறுத்தினால் போதும். சார்ஜ் ஏறாவிட்டால் அடியிலுள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்திருக்கும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ரத்த அழுத்தமானியும் குளுக்கோமீட்டரும் நம் நாட்டில் மருத்துவக் கருவிகளாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. பிபி காட்டும் மலிவு வாட்ச்களின் பெட்டியிலோ கையேட்டிலோ 'இது மருத்துவக் கருவி அல்ல' என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். தங்கள் நாளிதழில் வரும் விளம்பரங்களில் அந்த வரியைத் தமிழில், பிபி சின்னத்தின் பக்கத்திலேயே, விலை அச்சாகும் அதே அளவு எழுத்தில் போடும்படி விளம்பரதாரர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.