பழைய பொலிஸ் நிலையங்களை இடிக்குமுன் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டையைக் காக்க வேண்டாம் என்பார் எவருமில்லை. பிரித்தானியர் காலத்துச் சிறிய பொலிஸ் நிலையம், தபாலகம், வாடிவீடு என்றால் மட்டும் "அதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1815ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பிந்திய கட்டடத்தை அமைச்சர் தனியே அறிவித்தால்தான் பாதுகாப்பு.

அயர்லாந்தில் கிராமத்துப் பொலிஸ் நிலையமும் மரபுச் சொத்துத்தான். 1822இல் அங்கு உருவான ஆயுதப் பொலிஸ் படையே இலங்கை உட்படப் பல குடியேற்ற நாடுகளின் பொலிசுக்கு முன்மாதிரி என்பதால், அந்தக் கட்டடங்கள் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. சிலேற்றுக் கூரை, சுண்ணாம்புப் பூச்சு, மேலும் கீழும் இழுக்கும் மர யன்னல், கீழே அலுவல் அறையும் சிறைக்கூடும், சார்ஜன்ட் குடும்பத்துக்கு அதே கூரையின் கீழ் வீடு. சிலவற்றின் சுவரில் வாசலைக் காக்கத் துப்பாக்கித் துளைகள். கெரி மாவட்டத்தில் உள்ள கஹர்சிவீன் பொலிஸ் நிலையம் 1922இல் எரிந்து, பின்னர் திருத்தப்பட்டு, இன்று மரபு நிலையமாக இருக்கிறது. இந்தியாவுக்கு வரைந்த படம் மாறி அங்கே கட்டப்பட்டதாம் என்பது ஊர்க்கதை, நம்பத் தேவையில்லை.

அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் அழகை மட்டும் பார்ப்பதில்லை. வரலாறு, சமூகம், தொழில்நுட்பம் என எட்டு வகைச் சிறப்பில் ஒன்று இருந்தாலே பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கலாம். தேசியக் கட்டட மரபுப் பதிவேடு கூரை, புகைபோக்கி, பீலி, சுவர்ப் பூச்சு, யன்னல் என ஒவ்வொன்றாக எழுதுகிறது. மர யன்னலைக் கழற்றிப் பிளாஸ்ரிக் யன்னல் போட்டால் மதிப்பும் இறங்குகிறது.

இங்கே மதிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சீமெந்துதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். வாவிக் கரையின் உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகிச் செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். பிறகு பூச்சு பலகை பலகையாக விழும். மேசன் அதன்மேல் இன்னும் கெட்டியான சீமெந்தை அடிப்பார்.

இதைத் திருத்த, முதலில் சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணையும் கொங்கிறீற்றையும் அகற்றி, பீலித் தண்ணீரைத் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரம் ஏறிய கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை சீமெந்தை உரித்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். மாரிக்கு முன் சுவர் காய நாள் கொடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் ஒரு மாதமாவது ஊறவிட்டு, அந்தக் களி ஒரு பங்குக்குக் கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. ஒரு படை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கச்சான் காற்றில் பூச்சு விரைவில் உலர்ந்து வெடிக்கும், ஆகவே நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். மேலே வெள்ளையடித்தாற் போதும். எமல்சன் பெயின்ற் மறுபடி ஈரத்தை அடைக்கும்.

தொல்பொருள் என்றதும் காணி போய்விடுமோ என்று நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் இந்தப் பழைய நிலையங்கள் அரச காணியில் நிற்கும் அரச கட்டடங்கள். அமைச்சரின் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், கேள்விப்பத்திரம் கோருமுன் நிலப்படம், சுவர்த் தடிப்பு, ஓட்டின் அளவு, கதவு யன்னல் ஒவ்வொன்றின் புகைப்படம் ஆகியவற்றைப் பிரதேச செயலகங்கள் கோவையில் சேர்க்கட்டும்.

பழைய கட்டடத் திருத்த வேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு.